வேலூரிலிருந்து ஒரு நாள் கடலோரம்: மாமல்லபுரத்தை விட்டால் வேறு இல்லையா?

வாசகர் கேள்வி, 3 ஜனவரி

பொங்கல் விடுமுறைக்கு ஓசூரிலிருந்து தம்பி குடும்பம் சத்துவாச்சாரிக்கு வருகிறது. கோட்டை, பொற்கோயில், ஏலகிரி எல்லாம் அவர்கள் ஏற்கெனவே பார்த்தாயிற்று; பிள்ளைகள் இந்த முறை கடலைத்தான் கேட்கிறார்கள். விடியற்காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும். "மாமல்லபுரத்தை விட்டால் நம் ஊர்க்காரர்கள் ஒரே நாளில் போய்வர வேறு கடற்கரை கிடையாது, அதற்குத் தெற்கே வெறும் சவுக்குத் தோப்பும் மீனவர் குப்பமும்தான்" என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். இதை மறுப்பவர் யாராவது இருக்கிறீர்களா?

3 ஜனவரி, இரவு

நான் மறுக்கிறேன். சதுரங்கப்பட்டினத்திலிருந்து மரக்காணம் வரை நீளும் அந்தக் கடலோரம் வேலூர்க்காரர்களுக்கு வேறு யாரைவிடவும் நெருக்கமானது. ஏனென்றால் நம்முடைய பாலாறு அங்கேதான் கடலில் சேர்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு என்று வந்து, காஞ்சிபுரத்தையும் செங்கல்பட்டையும் தாண்டி, மொத்தம் 348 கி.மீ. நடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் வங்கக் கடலை அடைகிறது. அதில் 222 கி.மீ. தமிழ்நாட்டுக்குள்தான். ஆற்றின் கரையிலேயே வாழ்நாளைக் கழித்துவிட்டு அதன் கடைசி ஊரைப் பார்க்காமல் இருப்பவர்கள் நம்மில் எத்தனையோ பேர். விருந்தாளிகள் வரும்போதாவது அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

வழியைச் சொல்கிறேன். ஐந்து மணிக்குப் புறப்பட்டு வாலாஜாபேட்டை, காவேரிப்பாக்கம், ஓச்சேரி, தாமல் வழியாகக் காஞ்சிபுரம் சேருங்கள். மிளகும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லியோடு காலை உணவை அங்கே முடித்துக்கொள்வது நல்லது. அங்கிருந்து வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் சாலை பாலாற்றுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. பழையசீவரத்தில் வண்டியை நிறுத்தினால், எதிர்க்கரையில் திருமுக்கூடல் தெரியும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் அது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையை நடத்திய விவரம் அதில் உண்டு. மருத்துவத்துக்காக ஊரெல்லாம் வந்து சேரும் வேலூரிலிருந்து போகிறவர்கள் அதை ஒரு நடை பார்த்துவிட்டுப் போகலாம். பிறகு செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம். ஒன்பதரை மணிக்குள் கடற்காற்று முகத்தில் படும்.

4 ஜனவரி, பிற்பகல்

"சதுரங்கப்பட்டினத்தில் பிள்ளைகள் பார்க்க என்ன இருக்கிறது?" என்று குடியாத்தத்து அக்கா கேட்டிருக்கிறார்.

டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய செங்கல் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது; இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த மெல்லிய மஸ்லின் துணியை இங்கிருந்துதான் கப்பலேற்றினார்கள். கோட்டைக்குள் இருக்கும் கல்லறைகளைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்வேன். படுக்கை வாட்டில் கிடக்கும் பெரிய கருங்கற்பலகைகளில், குடும்பச் சின்னங்களும் பூக்கொடிகளும் டச்சு எழுத்துகளும் அத்தனை கூர்மையாக வெட்டப்பட்டுள்ளன. மழை பெய்த மறுநாள் போனால் எழுத்தின் பள்ளங்களில் நீர் தேங்கி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரியும். என் மகள் முழந்தாளிட்டு, விரலை அந்தப் பள்ளங்களில் ஓட்டி, பெயர்களை எழுத்துக் கூட்டிக்கொண்டே வெகுநேரம் இருந்தாள். கல்லின் மேல் ஏறி நிற்கவோ சுண்ணாம்பால் தேய்க்கவோ பிள்ளைகளை விடாதீர்கள்.

வரலாற்றில் ஆர்வமுள்ள பெரியவர்களுக்கு இன்னொன்று. 1780-இல் ஹைதர் அலியின் படை ஆற்காட்டைக் கைப்பற்றியது. வேலூர்க் கோட்டை முற்றுகைக்குள் சிக்கியும் வீழாமல் நின்றது. அதே போரின் தொடர்ச்சியாக, 1782 பிப்ரவரி 17-ஆம் நாள், சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே நடுக்கடலில் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலக் கப்பற்படையும் மோதின. நம் கோட்டை மதிலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக் கடலைக் காட்டினால், அவர்கள் அந்த நீர்ப்பரப்பைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

5 ஜனவரி

வயலூரைப் பற்றி மேலே ஒரு வரியோடு விட்டேன். அது போதாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கத்தைத் தாண்டித் தெற்கே போனால் பாலாற்றுப் பாலம் வரும். வேலூரில் நாம் பார்ப்பது கருவேலமும் மணலும் நடுவே ஒரு சிறு ஓடையுமாகக் கிடக்கும் ஆறு. இங்கே அதே ஆறு கண்ணுக்கெட்டும் தூரம் அகன்று கிடக்கிறது. கடல்நீர் உள்ளே ஏறாமலிருக்க வயலூரில் தடுப்பணை கட்டியிருப்பதால், வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு அணையின் மேற்புறம் நன்னீர் தேங்கி நிற்கும், கீழ்ப்புறம் கழிமுகம். ஒரு பக்கம் நன்னீர்க் கோரை, மறுபக்கம் உப்பு மண்ணில் படரும் செடிகள். நீர்க்காகங்கள் மதகுகளின் மேல் சிறகை விரித்துக் காயவைத்தபடி வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

விரிஞ்சிபுரத்தில் வாழ்ந்த என் பெரியம்மாவை ஒருமுறை அங்கே அழைத்துப் போனேன். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டு வந்த தலைமுறை அவர். பாலத்தின் மீது நின்று இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணீரும் நம்ம ஆத்துதா?" என்று கேட்டார். கரைக்கு இறங்கி ஒரு கை நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். அதன் பிறகு கடற்கரைக்குப் போகலாம் என்றபோது, "இதுவே போதும்" என்றார். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கோட்டைகளைக்கூட விட்டுவிடுங்கள், இந்த இடத்தை விடாதீர்கள்.

5 ஜனவரி, இரவு

பாலாற்றில் வருவது தோல் தொழிற்சாலைக் கழிவுதானே, அதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் நிலத்தடி நீர் பட்ட பாட்டை நாம் அறிவோம். வேலூர் மக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை உறுதிப்படுத்தியது. ஆயினும் ஆற்றின் முழு நீளத்தையும் பார்த்தவர்களுக்குத்தான் அது எதை இழந்தது, எது இன்னும் மிஞ்சியிருக்கிறது என்பது தெரியும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை நாம் எல்லோரும் பாலங்களில் கூட்டமாக நின்று பார்த்தோம். அந்த வெள்ளம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது வீண் வேலை ஆகாது.

6 ஜனவரி

சிறு குறிப்பு. கடலோரக் கிராமங்களில் கழிப்பறையை நம்பிப் போக முடியாது. பெண்களும் முதியவர்களும் உடன் வந்தால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, கல்பாக்கம் ஆகிய இடங்களில் நிறுத்தும்படி திட்டமிடுங்கள். குடிநீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டால் நிம்மதி.

7 ஜனவரி

ஆலம்பரைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் கட்டினார்கள் என்று ராணிப்பேட்டை நண்பர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை, அது நம் ஆற்காட்டு நவாபின் கோட்டை. வயலூருக்கும் தெற்கே, கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் உப்பங்கழியின் கரையில் இருக்கும் இதை, 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நவாப் தோஸ்து அலி கான் காலத்தில் கட்டினார்கள். 1740-இல் சித்தூர்ப் பக்கம் தாமல்செருவு கணவாயில் மராத்தியரோடு நடந்த போரில் தோஸ்து அலி மாண்டார். அந்தக் கணவாய் அப்போதைய ஆற்காட்டுச் சீமைக்குள் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: மலையடிவாரத்தில் மடிந்த ஒருவரின் துறைமுகம் இங்கே கடலோரத்தில் இருந்தது. 1750-இல், ஹைதராபாத் நிஜாம் பதவிக்கு வந்த முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேவுக்குக் கொடுத்தார். நண்பரின் கருத்து அதிலிருந்து வந்திருக்கலாம். 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் ஆங்கிலத் தளபதி ஐர் கூட் என்பவரிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார். அதே ஆண்டில் ஆங்கிலேயர் ஆலம்பரையைப் பிடித்து இடித்தார்கள். மிஞ்சியதில் ஒரு பகுதியை 2004 ஆழிப்பேரலை சிதைத்தது.

இங்கே ஒரு நாணயச் சாலையும் இருந்தது; ஜரிகைத் துணி, உப்பு, நெய் ஆகியவை இங்கிருந்து கப்பலேறின. இப்போது எஞ்சியிருப்பவை மதில்கள்தான். அவற்றை அருகில் போய்ப் பாருங்கள். இக்காலச் செங்கல்லைவிட மெல்லியதாக, உள்ளங்கை அகலத்தில், அடுக்கு அடுக்காக வைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்திருக்கிறார்கள். பல இடங்களில் உப்புக்காற்று செங்கல்லை அரித்துத் தின்றுவிட்டது. சாந்து மட்டும் அரிக்கப்படாமல் தேன்கூட்டைப் போல வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. மதிலின் மேல் ஏறினால் ஒரு பக்கம் உப்பங்கழி, அதற்கப்பால் ஒடுங்கிய மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். அந்தக் காட்சிக்காக மட்டுமே நான் மறுபடியும் போவேன்.

8 ஜனவரி

நேற்று எழுதிய பிறகு ஒன்று தோன்றியது. முதல் குறிப்பில் சொன்ன வழியில் போனால் ஆலம்பரைக்கு நண்பகலில்தான் சேர முடியும். கோட்டைக்குள் நிழல் கிடையாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் வழியைத் திருப்பிப் போட்டுக்கொள்வது நல்லது. ஆற்காட்டுக்கு வந்து, செய்யாறு, வந்தவாசி, மேல்மருவத்தூர், செய்யூர் வழியாகக் கடப்பாக்கம் போய்விடலாம். 150 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். வெயில் ஏறுமுன் கோட்டை மதிலில் நிற்கலாம். வந்தவாசியில் தேநீருக்கு நிறுத்தும்போது 1760-ஐப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால், அடுத்த இரண்டு மணி நேரத்தில் அந்தக் கதையின் இரண்டாம் பாகத்தைக் கடலோரத்தில் அவர்களே பார்ப்பார்கள்.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்புங்கள். முதலியார்குப்பத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இருக்கிறது. உப்பங்கழியில் படகுச் சவாரி, மறுகரையில் மணல் திட்டு. பிற்பகலில் வயலூர்ப் பாலம், மாலையில் வாயில் அடைக்கும் முன் சதுரங்கப்பட்டினம், பிறகு திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வழியாக வீடு.

இதில் ஒரு நட்டம் உண்டு. பழைய வழியில் போயிருந்தால் திரும்பும்போது மதுராந்தகம் பக்கம் வந்து மாலையில் வேடந்தாங்கலைப் பார்க்கலாம். ஜனவரியில் ஏரிக்குள் நிற்கும் மரங்கள் முழுவதும் கூடுகளாக இருக்கும். சாயங்காலத்தில் கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும் கூட்டமாக இறங்கும். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் இடம் அது. பறவைப் பைத்தியம் உள்ள பிள்ளைகள் என்றால் சதுரங்கப்பட்டினத்தை விட்டுக்கொடுத்து வேடந்தாங்கலை வைத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூர் வழியாகக் காஞ்சிபுரம் வந்துவிடலாம். வயலூரை மட்டும் விட்டுக்கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

9 ஜனவரி

இதை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். அந்தக் கடலில் குளிக்க வேண்டாம். காலை நனைத்துக்கொள்வதோடு நிறுத்துங்கள். மலை நாட்டிலும் ஆற்றங்கரையிலும் வளர்ந்த நமக்குக் கடலின் போக்கு தெரியாது; ஏரியில் நீந்தத் தெரிந்தவர்தான் அலையிலும் தைரியமாக இறங்குகிறார். வங்கக் கடலில் கரைக்குப் பக்கத்திலேயே ஆழம் கூடிவிடும். திரும்பும் அலை காலடி மணலைப் பறித்துக்கொண்டு இழுக்கும். ஆறும் உப்பங்கழியும் கடலில் சேரும் முகத்துவாரங்கள் இன்னும் மோசம். அங்கே நீர் அமைதியாகத் தெரியும், அடியில் இழுவை இருக்கும். உயிர்காப்பாளர் இல்லாத கிராமக் கடற்கரையில் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருவது அரிது.

படகு விஷயத்தில் பேரம் பேசவே கூடாது. 2011 டிசம்பர் 25-ஆம் நாள் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து, ஒரே உறவுக் கூட்டத்தைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிதவைச் சட்டை கொடுக்காத படகில் ஏறாதீர்கள்; கொடுத்தால் வாரை இறுக்கிக் கட்டுங்கள். பிள்ளைகள் அழுதாலும் சரி.

காணும் பொங்கல் அன்று போகலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அன்று மாமல்லபுரம் பக்கம் வண்டி நகராது. தென்பகுதிச் சாலையிலும் நெரிசல் இருக்கும். விடுமுறை முடியும் வாரத்தின் ஒரு வேலை நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு போவது எல்லா வகையிலும் மேல்.

10 ஜனவரி

மரக்காணம் உப்பளத்தை ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு. காரணத்தோடுதான் விட்டேன். மழைக்காலத்தில் உப்பளங்கள் நீரில் மூழ்கிக் கிடக்கும். பொங்கல் நேரத்தில்தான் பாத்திகளைச் சீர்படுத்தத் தொடங்குவார்கள். வெள்ளைக் குவியல்களை எதிர்பார்த்துப் போகும் பிள்ளைகள் சேற்றைப் பார்த்துத் திரும்புவார்கள். பங்குனி, சித்திரையில் போங்கள். விடியுமுன் வேலை தொடங்கிவிடும். நீண்ட கழியில் பொருத்திய பலகையால் பாத்தியின் அடியில் படிந்த உப்பை வரப்பை நோக்கி இழுப்பார்கள். வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும், ஏனென்றால் அந்த வெண்மை கண்ணைக் குருடாக்கிவிடும். வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். பாத்திக்குள் செருப்புக் காலோடு இறங்காதீர்கள்.

பஞ்ச காலத்தில் கூலி வேலையாகத் தோண்டி நீட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் மரக்காணம்தான். அதற்குப் பக்கத்தில் கழுவேலி ஏரி இருக்கிறது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்; கோட்டைகளோடு சேர்த்துத் திணித்தால் எதுவும் மனத்தில் நிற்காது.

11 ஜனவரி

அரக்கோணத்துக்காரர் பழவேற்காட்டைப் பரிந்துரைத்திருக்கிறார். அரக்கோணம், திருத்தணிப் பக்கத்திலிருந்து புறப்படுகிறவர்களுக்கு அது சரியான யோசனைதான்: பூநாரைகள், டச்சுக் கல்லறைகள், பெரிய காயல். வேலூரிலிருந்து வருகிறவர்கள் திருவள்ளூர், பொன்னேரி நெரிசலைத் தாண்ட வேண்டும். பாலாறு அங்கே இல்லை என்பது என் தனிப்பட்ட குறை.

12 ஜனவரி

மீன் வாங்கி வர வேண்டுமானால் திரும்பும் வழியில் கடைசியாக வாங்குங்கள். பெட்டியும் பனிக்கட்டியும் கையோடு வேண்டும். கடலோரக் குப்பங்களில் காலையில் படகு கரையேறும் நேரத்தில் சங்கராவும் நெத்திலியும் கிடைக்கும். உச்சிப்பொழுதுக்கு மேல் கிடைப்பது மிச்சம்தான். கோடையில் போகிறவர்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை என்பதை நினைவில் வையுங்கள். அப்போது சிறு படகுகளில் வருவதுதான் மீன். விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

22 ஜனவரி

கேள்வி கேட்ட நண்பர் போய்வந்து எழுதியிருப்பதைப் படித்தேன். பிள்ளைகளுக்கு ஆலம்பரை மதிலும் படகும் பிடித்ததாம்; தம்பி மட்டும் வயலூர்ப் பாலத்தில் நின்று, நந்தி மலை தங்கள் ஊர்ப் பக்கம்தானே என்று கேட்டுவிட்டு வெகுநேரம் நகரவில்லையாம். மகிழ்ச்சி.

அவர் கேட்ட கடைசிக் கேள்விக்கு விடை: ஆம், மணலில் நீங்கள் பார்த்த அகன்ற தடம் பங்குனி ஆமையுடையதாக இருக்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை அந்தக் கடற்கரைகளில் அவை இரவில் கரையேறி முட்டையிடும். அடுத்த முறை இரவில் தங்கிப் பார்க்க நினைத்தால் வனத்துறையோ ஆமைகளைக் காக்கும் தன்னார்வலர்களோ நடத்தும் நடையில் சேர்ந்து போங்கள். தனியாகக் கைவிளக்கு அடித்துக்கொண்டு போகாதீர்கள். வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டைக் குழி கண்ணில் பட்டால் தோண்டாமல், அடையாளத்துக்கு ஒரு கம்பை ஊன்றவும் செய்யாமல், பக்கத்துக் குப்பத்தில் சொல்லிவிடுங்கள். வனத்துறைக்குத் தகவல் சேர்க்க அவர்களுக்குத் தெரியும்.